பழைய காருக்குப் புது உறுமல் வேண்டாம்

பழைய காரைப் புதுப்பிக்கும் வேலை பெரும்பாலும் மேலிருந்து கீழாகவே நடக்கிறது. முதலில் டிங்கரிங், பிறகு பெயின்ட், அப்புறம் குரோம் பூச்சு, சீட் தையல், ஒயரிங். என்ஜினை இறக்கி, ரீபோர் செய்து, மறுபடி ஏற்றுகிறார்கள். சைலன்சரின் முறை வரும்போது உரிமையாளரிடம் காசும் மிச்சமில்லை, பொறுமையும் மிச்சமில்லை. “பழசு இத்துப்போச்சு சார், புதுசா ஒண்ணு அடிச்சுடலாம்” என்று பட்டறையில் சொன்னால் தலையாட்டிவிடுகிறார். அரைநாளில் ஒரு குழாயை வளைத்து, கைக்குக் கிடைத்த ஒரு பெட்டியைப் பற்றவைத்து, முனையில் பளபளக்கும் ஒரு வாயையும் மாட்டிவிடுகிறார்கள்.

சாவியைத் திருப்பியதும்தான் விஷயம் தெரிகிறது. 1960களில் ஒரு குடும்பத்தைக் கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் கூட்டிப்போன கார், பந்தய மைதானத்திலிருந்து தப்பி வந்த பைக் மாதிரி கத்துகிறது.

சிலர் இதை விபத்தாக அல்ல, விருப்பமாகவே செய்கிறார்கள். வாகனக் கண்காட்சிகளில் கூட்டத்தைத் திரும்பிப் பார்க்கவைக்க உறுமலைவிட மலிவான வழி கிடையாது. ஆனால் புதுப்பித்த காரின் மதிப்பை அதிகம் கெடுப்பதும் அந்த உறுமல்தான். எக்ஸாஸ்ட் அமைப்பின் உலோகத்தை மாற்றலாம். காலத்துக்கு ஏற்ற நல்ல உலோகத்தையே போடலாம். அதன் பாதையையும் விட்டத்தையும் ஒலியையும் மாற்றக் கூடாது. இது ரசனை பற்றிய பிடிவாதம் மட்டுமல்ல. என்ஜின், துரு, சட்டம் மூன்றும் இதே பக்கம்தான் நிற்கின்றன.

எந்த அம்பாசடர்?

தமிழ்நாட்டில் இன்று ஆசையோடு புதுப்பிக்கப்படும் கார்களில் அம்பாசடர், ஃபியட் 1100, அதன் வழிவந்த பிரீமியர் பத்மினி, வண்டலூரில் ஆலை வைத்திருந்த ஸ்டாண்டர்டு நிறுவனத்தின் ஹெரால்டு ஆகியவற்றுக்குத் தனி இடம் உண்டு. இவற்றில் எல்லோருக்கும் பழக்கமான அம்பாசடரையே எடுத்துக்கொள்வோம்.

பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரை அடிப்படையாகக் கொண்டு, மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் 1950களின் இறுதியில் இதன் உற்பத்தி தொடங்கியது. 2014 மே மாதம் நின்றது. அரை நூற்றாண்டுக்கும் மேலாக உருவம் பெரிதாக மாறவில்லை. அதனால் எந்த அம்பாசடரின் சைலன்சரும் எந்த அம்பாசடருக்கும் பொருந்தும் என்ற நினைப்பு சந்தையில் வேரூன்றிவிட்டது. பானெட்டைத் திறந்தால் கதை வேறு. தொடக்கத்தில் 1476 சிசி சைடு வால்வு என்ஜின், பிறகு நெடுங்காலம் 1489 சிசி ஓவர்ஹெட் வால்வு பெட்ரோல் என்ஜின், இடையில் டீசல், பிற்காலத்தில் இசுசுவின் 1800 சிசி பெட்ரோல் என்ஜின். பல கார்கள் கைமாறியபோது என்ஜினும் மாறியது. சென்னை புதுப்பேட்டையில் “அம்பாசடர் சைலன்சர்” என்று கேட்டால் கிடைப்பது இவற்றில் எதற்கானது என்பதைக் கேட்டுத்தான் வாங்க வேண்டும். ஆர்சி புத்தகத்தில் உள்ள என்ஜின் எண்ணையும் காரில் உள்ள எண்ணையும் ஒப்பிட்டுப் பார்ப்பதே எக்ஸாஸ்ட் தேர்வின் முதல் படி.

1489 சிசி என்ஜினுக்கு ஒரு விசித்திரம் உண்டு. பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் பி-வரிசையைச் சேர்ந்த இந்த என்ஜினில் சிலிண்டர்கள் நான்கு. புகை வெளியேறும் வாய்களோ மூன்று. ஒன்றாம், நான்காம் சிலிண்டர்களுக்குத் தனித்தனி வாய். நடுவிலுள்ள இரண்டுக்கும் சேர்த்து ஒரே வாய். பெட்ரோல் கலவை உள்ளே போகும் வாய்கள் இரண்டே இரண்டு. ஆக மொத்தம் ஐந்தும் என்ஜினின் ஒரே பக்கத்தில் இருக்கின்றன.

இதைத் தெரிந்துகொண்டால், “நாலு பைப் ஹெடர் போட்டால் பவர் கூடும்” என்று யாராவது சொல்லும்போது சிரிப்பு வரும். நாலாவது பைப்பை மாட்ட அங்கே இடமே இல்லை. இந்த வகை என்ஜினை மோட்டார் பந்தயத்துக்காகத் தயார் செய்த பிரிட்டிஷ்காரர்கள்கூட மூன்று கிளைக் குழாய்களைத்தான் பயன்படுத்தினார்கள். நடுக்கிளையை நீளமாக விட்டு, மற்ற இரண்டையும் முதலில் இணைத்தார்கள்.

அந்த மூன்று கிளையும் தெருவில் ஓடும் காருக்குத் தேவையா என்பது அடுத்த கேள்வி. ஆலையிலிருந்து வந்த வார்ப்பிரும்பு மேனிஃபோல்டு வெறும் புகைவழி அல்ல. கார்புரேட்டருக்குக் கீழே உள்ளே போகும் வழியும் வெளியே வரும் வழியும் ஒட்டியிருக்கும். புகையின் சூடு பெட்ரோலை ஆவியாக்க உதவும். ஸ்டீல் குழாய் ஹெடரைப் போட்டால் இந்த உதவி போய்விடும். சென்னை வெயிலில் அது பெரிய நஷ்டமாகத் தெரியாது. டிசம்பர் மாத ஊட்டிக் காலையில், சோக்கை உள்ளே தள்ளியதும் என்ஜின் திணறும்போது தெரியும். சமவெளியில் சிக்கல் தலைகீழாக வருகிறது. மெல்லிய ஸ்டீல் குழாய் வேகமாகக் கொதித்து, நேர் மேலே இருக்கும் கார்புரேட்டர் மீது சூட்டை வீசும். கத்திரி வெயிலில் சிக்னலில் நிற்கும்போது பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகி, வண்டி நின்றுவிடும்.

வார்ப்பிரும்பு மேனிஃபோல்டு விரிசல் விட்டிருந்தாலும் உடனே எடைக்குப் போட வேண்டியதில்லை. வார்ப்பிரும்பு வேலை தெரிந்தவர்கள் அதைச் சீராகச் சூடாக்கி, நிக்கல் ராடு வைத்துப் பற்றவைப்பார்கள். பிறகு, என்ஜினோடு சேரும் முகத்தை மில்லிங் எந்திரத்தில் சமன் செய்து, புது கேஸ்கட் வைத்து, பித்தளை நட் போட்டு முடுக்கினால் இன்னும் பல்லாண்டு உழைக்கும். பித்தளை நட் வீண் ஆடம்பரமல்ல. இரும்பு நட் சூட்டில் ஸ்டட்டோடு ஒட்டிக்கொண்டு, அடுத்த முறை கழற்றும்போது ஸ்டட்டையே முறித்துவிடும். பழைய கேஸ்கட்டைச் சுரண்டும்போது மட்டும் எச்சரிக்கை தேவை. அந்தக் காலத்து கேஸ்கட்களில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. நனைத்துவிட்டுச் சுரண்ட வேண்டும். கிரைண்டரை அதன் பக்கமே கொண்டுபோகக் கூடாது.

அகலம் கூடினால் வலு கூடுமா?

“ஃப்ரீ ஃப்ளோ” என்ற சொல்லுக்கு நம் ஊரில் ஒரு மயக்கம் இருக்கிறது. குழாய் அகலமாக இருந்தால் புகை தடையின்றிப் போகும், புகை போனால் வலு கூடும் என்பது அதன் தர்க்கம். இதற்கு எதிர்முனையில், “என்ஜினுக்குக் கொஞ்சம் பேக் பிரஷர் வேணும் சார்” என்று சொல்லும் மெக்கானிக்குகளும் உண்டு. இரண்டிலும் பாதி உண்மைதான் இருக்கிறது.

எதிரழுத்தம் எந்த என்ஜினுக்கும் நன்மை செய்வதில்லை. நன்மை செய்வது புகையின் வேகம். ஒரு சிலிண்டரிலிருந்து வேகமாக ஓடும் புகை, தன் பின்னால் அழுத்தக் குறைவை விட்டுச்செல்கிறது. அது சிலிண்டரில் மிச்சமிருக்கும் புகையையும் இழுத்துக்கொண்டு போகிறது. குழாயின் விட்டம் ஒன்றரை அங்குலத்திலிருந்து இரண்டு அங்குலம் ஆனால் குறுக்குப் பரப்பு முக்கால் பங்குக்கு மேல் கூடிவிடும். அதே அளவு புகை, பாதிக்குச் சற்றே கூடுதலான வேகத்தில்தான் நகரும். குறைந்த சுற்றில் அந்த இழுவை நலிந்துவிடும்.

1489 சிசி என்ஜின் தருவது சுமார் 50 குதிரைத்திறன்; அதுவும் நிமிடத்துக்கு 4,000 சுற்றைத் தாண்டினால்தான். அம்பாசடரை யாரும் அந்தச் சுற்றில் ஓட்டுவதில்லை. நான்கு பேரை ஏற்றிக்கொண்டு, மூன்றாம் கியரில் மெதுவாக மேடேறுவதுதான் அதன் குணம். அகலக் குழாய் சரியாக அந்த இடத்தில்தான் கையை விரிக்கிறது. ஓட்டுபவருக்கு வேகம் கூடியதுபோலத் தோன்றுவதற்குக் காரணம் சத்தம். அதிக ஒலியை அதிக வலுவாகக் காது எடுத்துக்கொள்கிறது.

ஆகவே விதி எளிது: ஆலை கொடுத்த விட்டமே சரியான விட்டம். பழைய குழாயில் நசுங்காத ஓர் இடத்தை வெர்னியர் கருவியால் அளந்துவிட்டால் போதும். வளைவுகளில்தான் பட்டறைகள் ஏமாற்றுகின்றன. மணல் நிரப்பியோ மேன்ட்ரல் எந்திரத்திலோ வளைத்தால் குழாய் உருண்டையாகவே இருக்கும். சாதாரண பெண்டிங் எந்திரத்தில் அவசரமாக வளைத்தால் வளைவின் உட்பக்கம் மடிந்து, வழி குறுகிவிடும். நேர்க் குழாயை அகலமாகப் போட்டு, வளைவில் நசுக்கிவிட்டு, அதற்கு ஃப்ரீ ஃப்ளோ என்று பெயர் வைப்பது வேடிக்கைதான்.

துரு உள்ளிருந்து வருகிறது

சைலன்சர் துருப்பிடிப்பது மழையாலும் கடற்காற்றாலும் என்று பலரும் நினைக்கிறார்கள். மெரினாவை ஒட்டிய தெருக்களில் அது உண்மையே. ஆனால் பெரிய எதிரி உள்ளே இருக்கிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உருவாகிறது. என்ஜின் நன்றாகச் சூடாகி இருந்தால் அது ஆவியாக வெளியேறிவிடும். குளிர்ந்த என்ஜினைக் கிளப்பி, வீட்டு வாசலில் ஐந்து நிமிடம் ஓடவிட்டு அணைத்தால் அந்தத் தண்ணீர் பெட்டிக்குள்ளேயே தங்கிவிடும். பெட்ரோலிலுள்ள சிறிதளவு கந்தகம் அதோடு சேர்ந்து அமிலமாகிறது. பெட்டியின் தையல்களிலிருந்து அரிப்பு தொடங்குகிறது.

பழைய கார் வைத்திருப்பவர்களில் பலர் செய்வது சரியாக இதைத்தான். “பேட்டரி இறங்கிடக் கூடாது” என்று ஞாயிற்றுக்கிழமை தோறும் நின்ற இடத்திலேயே ஓடவிடுகிறார்கள். வாரம் ஒரு முறை வாசலில் ஓடவிடுவதைவிட, மாதம் ஒரு முறை இருபது கிலோமீட்டர் ஓட்டிவருவது சைலன்சருக்கு நல்லது.

இந்த உள்துருதான் உலோகத் தேர்வைத் தீர்மானிக்க வேண்டும். வழிகள் மூன்று. சாதாரண மைல்டு ஸ்டீல் மலிவு, வளைக்க எளிது, ஒலி பழைய காருக்கே உரிய கனத்தோடு இருக்கும்; ஆனால் அதிகம் ஓடாத காரில் சில ஆண்டுகளில் இத்துவிடும். அலுமினியம் பூசிய ஸ்டீல் நடுவழி. பூச்சு வெட்டுப்பட்ட இடத்திலும் பற்றவைத்த இடத்திலும் மட்டும் பலவீனம். மூன்றாவது, வீட்டில் எவர்சில்வர் என்று சொல்லப்படும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். ஆண்டு முழுவதும் கூரைக்கு அடியில் நின்று, எப்போதாவது வெளியே வரும் காருக்கு இதுவே பொருத்தம் என்பதில் சந்தேகமில்லை.

ஆனால் ‘எஸ்.எஸ். பைப்’ என்று கேட்டு வாங்குவதில் ஒரு பொறி இருக்கிறது. 304 என்ற தரத்தில் சுமார் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் உண்டு. 409 என்ற தரத்தில் குரோமியம் 11 சதவீதத்தை ஒட்டியே இருக்கும். கார் தொழிற்சாலைகள் எக்ஸாஸ்டுக்கு நிறையப் பயன்படுத்துவது அதைத்தான். அதன் மேல்புறம் பழுப்பேறும், ஆனால் சீக்கிரம் ஓட்டை விழாது. காந்தம் வைத்துப் பார்த்தால் 409 ஒட்டும், 304 ஒட்டாது என்று பட்டறைகளில் சொல்வார்கள். அது சரிதான். ஆனால் நிக்கலைக் குறைத்து மாங்கனீஸைக் கூட்டிய 200 வரிசை ஸ்டீலும் காந்தத்தில் ஒட்டாது. இந்தியச் சந்தையில் அது ஏராளமாகப் புழங்குகிறது. பளபளப்பிலும் வித்தியாசம் தெரியாது. கடைக்காரரிடம் உற்பத்தி ஆலையின் சோதனைச் சான்றிதழைக் கேட்கலாம். இல்லையேல், சோதனைத் திரவம் ஒரு சொட்டு விட்டோ கைக்கருவியாலோ உலோகத் தரத்தைப் பார்க்கும் ஸ்கிராப் வியாபாரிகளிடம் ஒரு துண்டைக் காட்டலாம்.

பற்றவைப்பதிலும் கவனம் வேண்டும். 304-ஐ ஆர்கான் வெல்டிங்கில் இணைக்கும்போது குழாயின் உள்ளேயும் ஆர்கான் வாயுவைச் செலுத்த வேண்டும். இல்லையென்றால் உள்பக்கம் கருகிச் செதில் செதிலாகிவிடும். வெளியே அழகான மணிமணியான தையல் தெரிய, உள்ளே அரிப்பு தொடங்கும்.

இன்னொன்று, சூட்டில் விரியும் அளவு. மூன்று மீட்டர் குழாயின் வெப்பம் சராசரியாக 200 டிகிரி ஏறினால், மைல்டு ஸ்டீல் சுமார் 7 மி.மீ. நீளும், 304 ஸ்டீல் 10 மி.மீ. நீளும். பழைய குழாய் இருந்த அதே கிளாம்பில் புதிய குழாயை இறுக்கிக் கட்டிவிட்டால், அந்த மூன்று மி.மீ. எங்கே போகும்? மேனிஃபோல்டைத் தள்ளும், இல்லையேல் தொங்கும் பட்டையை முறிக்கும். காரின் ரப்பர் தொங்கட்டான்கள் எல்லாவற்றையும் புதிதாக மாற்றி, குழாய் முன்னும் பின்னும் சற்று அசைய இடம்விடுவது அவசியம்.

காதுக்கு எட்டுவது

பழைய கார் என்றாலே சத்தம் போட வேண்டும் என்ற எண்ணத்துக்கு வரலாற்றில் ஆதாரமில்லை. அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தைச் சேர்ந்த மில்டன் ரீவ்ஸ், மார்ஷல் ரீவ்ஸ் சகோதரர்கள் என்ஜின் மஃப்ளருக்குக் காப்புரிமை பெற்ற ஆண்டு 1897. ஃபோர்டின் மாடல் டி சாலைக்கு வருவதற்குப் பதினோரு ஆண்டுகள் முன்பு அது. குடும்பங்களுக்காகச் செய்யப்பட்ட கார்களை அமைதியாக ஓடவைக்கப் பொறியாளர்கள் மெனக்கெட்டார்கள். அந்த மெனக்கெடலும் புதுப்பிக்கப்பட வேண்டிய ஒன்றுதான்.

சைலன்சர் பெட்டிக்குள் இரண்டு வகை வித்தை உண்டு. தடுப்புத் தகடுகளும் அறைகளும் கொண்ட பெட்டி, ஒலி அலைகளைத் திருப்பி அனுப்பி ஒன்றோடொன்று மோதவிட்டு அடக்குகிறது. துளையிட்ட குழாயைச் சுற்றிக் கண்ணாடி இழைப் பஞ்சு திணித்த பெட்டி, ஒலியை உறிஞ்சிக்கொள்கிறது. பின்னது கீச்சிடும் ஒலிகளை நன்றாகக் குறைக்கும். அடிவயிற்றைக் கலக்கும் தாழ்ந்த ஒலியை அவ்வளவாகக் குறைக்காது. கடைகளில் ஃப்ரீ ஃப்ளோ என்று விற்பவை பெரும்பாலும் இந்த இரண்டாம் வகை.

நான்கு சிலிண்டர் ஃபோர் ஸ்ட்ரோக் என்ஜினில் கிராங்க் ஒரு சுற்றுச் சுற்றினால் இரண்டு சிலிண்டர்கள் எரியும். நிமிடத்துக்கு 2,400 சுற்று என்றால் விநாடிக்கு 80 துடிப்பு. தாம்பரத்தைத் தாண்டி நெடுஞ்சாலையில் நிதானமாகப் போகும் பழைய கார் ஏறக்குறைய இந்தச் சுற்றில்தான் நாள் முழுக்க ஓடும். இந்த அலைவரிசையைப் பெட்டி அடக்கவில்லை என்றால், தரைத்தகடும் கூரைத்தகடும் சேர்ந்து அதிரத் தொடங்கும். ஐந்து நிமிடம் கேட்க ஜோராக இருக்கும் அந்த ஒலி, விழுப்புரம் வருவதற்குள் தலைவலியாகிவிடும். பெட்டியின் கொள்ளளவு, வால்குழாயின் நீளம், பெட்டி எந்த இடத்தில் தொங்குகிறது என்பவையெல்லாம் இதைக் கணக்கிட்டுத்தான் அந்தக் காலத்தில் தீர்மானிக்கப்பட்டன. “இடம் இருக்கிற எடத்துல வெச்சுடலாம்” என்ற முடிவு அந்தக் கணக்கை அழித்துவிடுகிறது. வெளிப்பெட்டியை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் செய்தாலும், தகட்டை மெலிதாக்காமல் பழைய அளவிலேயே உள்ளறைகளை அமைத்தால் ஒலி அதன் குணத்தை இழக்காது. மெல்லிய தகட்டில்தான் கிண்ணென்ற ஓசை வருகிறது.

ஒலியைவிட முக்கியமானது ஒன்று உண்டு: கசிவு. கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை, நிறமில்லை. பழைய காரின் தரைத்தகட்டில் துருவால் விழுந்த ஊசித்துளை, அதன் அடியில் கசியும் ஓர் இணைப்பு, மேலே ஏசிக்காக ஏற்றிவிட்ட கண்ணாடி. இந்த மூன்றும் சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. வால்குழாய் பம்பரைத் தாண்டி வெளியே நீட்டியிருக்க வேண்டும்; உள்ளேயே முடிந்தால் புகை டிக்கி வழியாகக் காருக்குள் சுருண்டு வரும். வேலை முடிந்ததும், என்ஜின் ஐடிலில் இருக்கையில் வால்முனையைத் தடித்த ஈரத்துணியால் சில நொடிகள் அடைத்துப் பார்த்தால், எந்த இணைப்பில் ‘உஸ்’ என்று சத்தம் வருகிறதோ அங்கே கசிவு. காசு செலவில்லாத இந்தச் சோதனையைச் செய்யாமல் வண்டியை வெளியே எடுக்கக் கூடாது.

சட்டம் என்ன சொல்கிறது

1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 112-ஆவது விதி, புகை கீழ்நோக்கியோ வாகனத்தின் இடப்பக்கமாகவோ வெளியேறக் கூடாது என்கிறது. பின்புறமோ வலப்புறமோதான் போக வேண்டும். இடப்பக்கம் நடைபாதை இருக்கிறது, மனிதர்கள் நிற்கிறார்கள் என்பதால்தான் இந்த விதி. பின்சக்கரத்துக்கு முன்னால் இடப்பக்கம் எட்டிப்பார்க்கும் ‘ஸ்போர்ட்ஸ்’ குழாய் அழகாக இருக்கலாம், சட்டப்படி தவறு. 120-ஆவது விதி, ஒலியை இயன்றவரை குறைக்கும் சைலன்சர் ஒவ்வொரு மோட்டார் வாகனத்திலும் இருக்க வேண்டும் என்கிறது. காற்று, ஒலி மாசு வரம்புகளை மீறி ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 190-ஆவது பிரிவின் கீழ் முதல் முறையே மூன்று மாதம் வரை சிறையோ 10,000 ரூபாய் வரை அபராதமோ விதிக்கலாம். 2019 திருத்தத்துக்குப் பிறகான நிலை இது.

ஐம்பது ஆண்டைத் தாண்டிய கார்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. 2021 ஜூலையில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் ‘விண்டேஜ்’ வாகனங்களுக்குத் தனிப் பதிவு முறையைக் கொண்டுவந்தது. புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். எண் பலகையில் ‘விஏ’ என்ற எழுத்துகள். பதிவு பத்தாண்டுகளுக்குச் செல்லும். அந்தத் தகுதிக்கு வாகனம் அதன் மூல வடிவிலேயே பராமரிக்கப்பட வேண்டும். சேசிஸ், பாடி, என்ஜின் ஆகியவற்றில் மாற்றம் கூடாது. எக்ஸாஸ்ட் என்ற சொல் அங்கே தனியாக இல்லை என்று வாதாடலாம். ஆனால் குழாய் போக இடம் வேண்டுமென்று தரைத்தகட்டை வெட்டியவரும், ஹெடருக்காக மூல மேனிஃபோல்டை எடைக்குப் போட்டவரும் ‘மூல வடிவம்’ என்ற சொல்லின் முன் என்ன பதில் சொல்வார்கள்?

கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் பற்றியும் சிலர் கேட்கிறார்கள். இந்தியாவின் நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்கு அது கட்டாயமானது 1995 ஏப்ரலில்தான். அதற்கு முந்தைய கார்புரேட்டர் காரில் அதைச் சேர்ப்பதில் பயனில்லை. கலவையில் பெட்ரோல் கூடுதலாக இருந்தால் கன்வர்ட்டர் தீயாய்ச் சூடேறும். பழைய காரின் புகையைச் சுத்தமாக்கும் வழி, கார்புரேட்டரையும் இக்னிஷனையும் சரியாக டியூன் செய்து பியூசி சோதனையில் பார்ப்பதே. அதற்கும் கசியாத எக்ஸாஸ்ட் வேண்டும். கசிவின் வழியே காற்று உள்ளே வந்தால் கருவி காட்டும் அளவே பொய்யாகிவிடும்.

உரிமையாளரின் உரிமை

“என் கார், என் காசு, என் காது” என்று உரிமையாளர் சொன்னால் அதில் நியாயம் இல்லாமலில்லை. கார்களை மாற்றி அமைப்பதும் கார் வரலாற்றின் ஒரு பகுதிதான். இத்தாலியின் போலோன்யா நகரில் 1949-இல் கார்லோ அபார்த் தொடங்கிய நிறுவனம், ஃபியட் கார்களுக்கான விசேஷ எக்ஸாஸ்ட் குழாய்களை விற்றே பேர் வாங்கியது; 1971-இல் அந்த நிறுவனத்தையே ஃபியட் வாங்கிக்கொண்டது. பழைய ஃபியட் ஒன்றில் அந்தக் காலத்து அபார்த் குழாய் இருந்தால் அதைக் கழற்றி எறியச் சொல்வது மடமை. அதுவும் அந்தக் காரின் வாழ்க்கையில் நடந்த ஒன்று. 1960களில் ஓர் இளைஞர் மாட்டியதற்கும், நேற்று பட்டறையில் அடித்ததற்கும் வித்தியாசம் இருக்கிறது.

பழைய வாகனங்களுக்கான சர்வதேசக் கூட்டமைப்பான ஃபிவா, 2012-இல் ஏற்றுக்கொண்ட டுரின் சாசனத்தில் இதற்கு ஒரு வழி சொல்லியிருக்கிறது. தவிர்க்க முடியாத மாற்றங்களைச் செய்தாலும் அவை திரும்ப மாற்றக்கூடியவையாக இருக்க வேண்டும்; செய்ததை ஆவணப்படுத்த வேண்டும்; கழற்றிய மூல பாகத்தைக் காரோடு சேர்த்துப் பாதுகாக்க வேண்டும். எக்ஸாஸ்டுக்கு இது கச்சிதமாகப் பொருந்துகிறது. காரின் பாகங்களிலேயே சுலபமாகக் கழற்றி மாட்டக்கூடியது அதுதான். தரைத்தகட்டை வெட்டாமல், புதிய துளை போடாமல், பழைய தாங்கிகளிலேயே தொங்கும்படி எதைச் செய்தாலும் அடுத்த உரிமையாளர் அதைத் திருத்திக்கொள்ளலாம். இந்த எல்லைக்குள் நிற்கும்வரை உரிமையாளரின் விருப்பத்தோடு சண்டை பிடிக்க யாருக்கும் காரணமில்லை. எல்லை தாண்டும் இடம், அடுத்த தெருவில் தூங்கும் குழந்தையை அந்த விருப்பம் எழுப்பும்போதுதான்.

பெரிய குறை வேறிடத்தில் இருக்கிறது. வெளிநாட்டில் பழைய மினிக்கோ எம்ஜி காருக்கோ அந்தந்த ஆண்டுக்கு ஏற்ற எக்ஸாஸ்ட் பட்டியல் பார்த்து வாங்கலாம். ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்கோ ஆரம்பகால அம்பாசடருக்கோ இங்கே அப்படிப்பட்ட வசதி அரிது. ஒவ்வொரு உரிமையாளரும் தனித்தனியாகப் பட்டறைக்குப் போகிறார். ஒவ்வொரு பட்டறையும் தன் கண்ணளவில் ஒன்றைச் செய்கிறது. மெட்ராஸ் ஹெரிடேஜ் மோட்டாரிங் கிளப் போன்ற அமைப்புகளும், கோவை ஜிடீ கார் அருங்காட்சியகம் போன்ற நிறுவனங்களும் மனம் வைத்தால் இந்த நிலை மாறும். மூல எக்ஸாஸ்ட் இன்னும் சிதையாமல் இருக்கும் ஒரு காரை லிஃப்டில் ஏற்றி, குழாயின் விட்டம், வளைவுக் கோணம், பெட்டியின் அளவு, தாங்கிகளின் இடம் ஆகியவற்றை வரைபடமாக்கி எல்லோருக்கும் கொடுத்தால், பத்துப் பேர் சேர்ந்து ஒரே பட்டறையில் ஒரே தரத்தில் செய்துகொள்ளலாம். போட்டிகளில் நடுவர்கள் பெயின்டின் பளபளப்புக்கு மதிப்பெண் போடும்போது, குனிந்து காரின் அடியையும் பார்த்து மதிப்பெண் போட்டால் உரிமையாளர்களும் குனிந்து பார்க்கத் தொடங்குவார்கள்.

அதுவரை, காரைப் பட்டறையில் விட்டிருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இத்துப்போன பழைய சைலன்சரைக் காயலான் கடைக்குப் போடும் முன் தரையில் நேராகக் கிடத்தி, பக்கத்தில் ஓர் அளவுநாடாவை விரித்து, நான்கு பக்கமும் புகைப்படம் எடுங்கள். விட்டத்தை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். அந்தத் தாளைக் கொடுத்து, “இதே அளவில், இதே பாதையில், 304-இல் செய்து கொடுங்கள்” என்று கேளுங்கள். செய்ய முடியாது என்று சொல்லும் பட்டறையில் வேலையைக் கொடுக்காதீர்கள்.